அக்டோபர் கணக்கு: பேஸ்பால் கேள்வி – பதில்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆண்டுதோறும் அக்டோபர் தொடக்கத்தில் வரும் சுற்று டிவிஷன் சீரிஸ். ஐந்து ஆட்டத்தில் மூன்றை முதலில் வெல்பவர் மேலே போவார், மற்றவர் வீட்டுக்குப் போவார். இந்தச் சுற்றைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: வைல்டு கார்டு, டிவிஷன், லீக், வேர்ல்டு என்று நாலு பெயர் சொல்கிறார்கள். எது எதற்குப் பிறகு? யாரோடு யார் மோதுகிறார்கள்?

ப: மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு லீக்கும் கிழக்கு, மத்தி, மேற்கு என்று மூன்று டிவிஷனாகப் பிரிந்திருக்கிறது. டிவிஷனுக்கு 5 அணி. ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடி முடித்ததும் லீக்குக்கு 6 அணிகள் பிளேஆஃபுக்கு வரும். 2022-லிருந்து இதுதான் ஏற்பாடு.

டிவிஷனில் முதலிடம் பிடித்த மூன்று அணிகளுக்கு 1, 2, 3 என்ற வரிசை எண். மற்ற அணிகளில் அதிக வெற்றி பெற்ற மூன்றுக்கு 4, 5, 6. இவர்கள்தான் வைல்டு கார்டு அணிகள். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: டிவிஷனை வென்ற அணி எத்தனை குறைவாக வென்றிருந்தாலும் 3-க்குக் கீழே போகாது. 2025-ல் அமெரிக்கன் லீக்கில் 88 வெற்றி பெற்ற கிளீவ்லேண்ட் கார்டியன்ஸுக்கு 3-ஆம் எண், 94 வெற்றி பெற்ற நியூயார்க் யாங்கீஸுக்கு 4-ஆம் எண்.

முதல் சுற்றான வைல்டு கார்டு சீரிஸில் 3-ம் 6-ம், 4-ம் 5-ம் மோதும். மூன்றில் இரண்டு வென்றால் போதும். மூன்று ஆட்டமும் மேல் வரிசை அணியின் மைதானத்திலேயே நடக்கும். 1, 2 எண் அணிகள் இந்தச் சுற்றில் ஆடுவதில்லை. நேரே டிவிஷன் சீரிஸுக்கு வந்துவிடும். அங்கே 4–5 மோதலில் வென்றவர் 1-ஐ எதிர்கொள்வார், 3–6 மோதலில் வென்றவர் 2-ஐ. இடையில் வரிசையைக் கலைத்துப் போட மாட்டார்கள். அதாவது 6-ஆம் அணி வென்று வந்தாலும் அதற்கு எதிரி 2-தான், 1 அல்ல. அதற்கு மேல் லீக் சாம்பியன்ஷிப் சீரிஸ், பிறகு இரு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்டு சீரிஸ். இவை இரண்டும் ஏழில் நான்கு.

கே: கிரிக்கெட்டில் தொடர் 3-0 ஆன பிறகும் மிச்ச ஆட்டங்களை ஆடுவார்கள். இங்கே எப்படி?

ப: மூன்றாவது வெற்றி வந்த நிமிடமே கடை கட்டியாயிற்று. மிச்ச ஆட்டங்களுக்கு விற்ற டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கே: 2-2-1 என்று எழுதுகிறார்களே, அது என்ன? சில பழைய ஆண்டுகளுக்கு 2-3 என்று பார்த்தேன்.

ப: எந்த ஆட்டம் எங்கே என்பதற்கான சுருக்கெழுத்து. 2-2-1 என்றால் முதல் இரண்டும் மேல் வரிசை அணியின் ஊரில், மூன்றாவதும் நான்காவதும் எதிரணியின் ஊரில், தேவைப்பட்டால் ஐந்தாவது மறுபடி மேல் வரிசை அணியின் ஊரில். 1998-லிருந்து இதுதான் வழக்கம்.

1995 முதல் 1997 வரை 2-3. அதாவது மைதானச் சலுகை பெற்ற அணி முதல் இரண்டு ஆட்டத்தை வெளியூரில் ஆடிவிட்டு, கடைசி மூன்றையும் சொந்த ஊரில் ஆடும். ஒரு விமானப் பயணம் மிச்சம். கணக்குப்படி பார்த்தால் ஐந்தில் மூன்று சொந்த ஊரில்தானே, நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த அணி முதல் இரண்டிலும் தோற்றுவிட்டால் ஊர் திரும்பும்போதே கழுத்தில் கத்தி. இன்னொரு கோளாறு, அப்போது அந்தச் சலுகை வெற்றிக் கணக்கைப் பார்த்துத் தரப்படவில்லை; டிவிஷன்களுக்குள் சுழற்சி முறையில் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டார்கள். 1995-ல் 144 ஆட்டத்தில் 100 வென்ற கிளீவ்லேண்ட் அணிக்குச் சொந்த ஊரில் கிடைத்தது முதல் இரண்டு ஆட்டம் மட்டுமே. அவர்கள் 3-0 என்று வென்றுவிட்டதால் பெரிய ரகளை ஆகவில்லை.

2012-ல் மட்டும் 2-3 ஒருமுறை தலைகாட்டியது. சீசன் அட்டவணை போட்டு முடித்த பிறகு வைல்டு கார்டு அணிகளைக் கூட்டினார்கள், பயணத்துக்கு நாள் இல்லை. அந்த ஆண்டு சின்சினாட்டி ரெட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் ஜயன்ட்ஸ் அணியை முதல் இரண்டிலும் ஜெயித்தது. இனி சொந்த ஊரில் மூன்றில் ஒன்று போதும். மூன்றிலும் தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தில் ஜயன்ட்ஸின் பஸ்டர் போஸி ஒரு கிராண்ட் ஸ்லாம், அதாவது மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ரன் (எல்லையைத் தாண்டிப் போகும் அடி), அடித்தார்; ஆட்டம் 6-4 என்று ஜயன்ட்ஸுக்குப் போனது. ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸையும் தூக்கியது.

கே: 111 ஆட்டம் வென்ற அணி 89 வென்ற அணியிடம் தோற்கிறது. இது என்ன போட்டி? மேலே இருப்பவர்கள் அக்டோபரில் பயந்துவிடுகிறார்களா?

ப: நீங்கள் சொல்வது 2022. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 111, சான் டியேகோ பாட்ரேஸ் 89. அந்த சீசனில் இருவரும் மோதிய 19 ஆட்டத்தில் 14 டாட்ஜர்ஸுக்கு. ஆனால் டிவிஷன் சீரிஸில் பாட்ரேஸ் 3-1. மறு ஆண்டு 100 வென்ற டாட்ஜர்ஸ் 84 வென்ற அரிசோனா டயமண்ட்பேக்ஸிடம் 0-3. அதே 2023-ல் 104 வென்ற அட்லாண்டா பிரேவ்ஸும் 101 வென்ற பால்டிமோர் ஓரியோல்ஸும் இதே சுற்றில் வெளியேறின.

பயம், நெஞ்சுரம் என்றெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். இரண்டு நல்ல அணிகள் மோதும்போது வலுவான அணி ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ்பாலில் அது சின்ன வித்தியாசம் அல்ல. சொந்த ஊரில் ஆடுவதால் கிடைக்கும் அனுகூலமே 53, 54 சதவீதம்தான்.

அந்த அணி 3-0 என்று வெல்லும் வாய்ப்பு 0.55-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும்: 16.6 சதவீதம். 3-1 என்று வெல்ல மூன்று வழி உண்டு (தோல்வி முதல் ஆட்டத்தில், இரண்டாவதில், அல்லது மூன்றாவதில்): 22.5 சதவீதம். 3-2 என்று வெல்ல ஆறு வழி: 20.2 சதவீதம். கூட்டினால் 59.3. அவ்வளவுதான். பத்துத் தொடர் ஆடினால் நான்கில் பலவீனமான அணி ஜெயிக்கும்.

இதையே மூன்றில் இரண்டு என்று வைத்தால் 57.5, ஏழில் நான்கு என்றால் 60.8. ஏழாக நீட்டினாலும் கிடைப்பது ஒன்றரைச் சதவீதம். சரி, 90 சதவீத உறுதியோடு நல்ல அணியைப் பிரித்தெடுக்க எத்தனை ஆட்டம் வேண்டும்? ஏறத்தாழ 160. சீசனின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான் என்பது வேடிக்கையான பொருத்தம். யார் நல்ல அணி என்ற கேள்விக்கு 162 ஆட்டம் பதில் சொல்லிவிடுகிறது. அக்டோபர் கேட்பது வேறு கேள்வி.

இதோடு இன்னொன்றும் சேரும். 162 ஆட்டத்தை நாள் தவறாமல் ஆட ஐந்து ஸ்டார்ட்டர்கள் வேண்டும், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்). நான்காவது, ஐந்தாவது ஆளும் தரமாக இருப்பதுதான் பெரிய அணிகளின் பலம். ஐந்து ஆட்டத் தொடரில் நடுவே ஓய்வு நாள் வருவதால் மூன்று பேரை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். இரண்டு பிரமாதமான பிட்சர்களும் மூன்று சுமாரானவர்களும் உள்ள அணி சீசனில் 88 வெல்லும். டிவிஷன் சீரிஸில் அது வேறு அணி. ஆழம் உள்ள அணி தன் ஆழத்தைப் பயன்படுத்த இடமே இருக்காது.

கே: முதல் சுற்றில் ஆடாமல் ஓய்வெடுப்பது 1, 2 எண் அணிகளுக்கு லாபமா, நஷ்டமா? துருப்பிடித்துவிடுகிறார்கள் என்கிறார்களே.

ப: முதலில் கணக்கு. 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டில் ஓய்வெடுத்து வந்த அணிகள் 16 டிவிஷன் சீரிஸ் ஆடின, வென்றது 9. 2022-ல் 2, 2023-ல் 1, 2024-ல் 3, 2025-ல் 3. 2023 முடிந்தபோது எட்டில் மூன்றுதான் என்பதால் கூச்சல் பலமாக இருந்தது. 2025 முடிந்தபோது 16-க்கு 9. மேலே போட்ட 59 சதவீதக் கணக்குப்படி 16-க்கு ஒன்பதரை வரவேண்டும். ஆக, துருவும் இல்லை, பெரிய வரமும் இல்லை.

ஆனால் ஓய்வின் உண்மையான பயன் பேட்டில் இல்லை, பிட்சர்களின் நாட்காட்டியில் இருக்கிறது. 2025-ல் நடந்ததை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். சீசன் செப்டம்பர் 28-ல் முடிந்தது. 6-ஆம் எண் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் முதன்மை பிட்சர் டாரிக் ஸ்கூபல், செப்டம்பர் 30-ல் வைல்டு கார்டு முதல் ஆட்டத்தில் வீசியாக வேண்டும். அங்கே தோற்றால் நாளை என்பது இல்லை. ஒரு ஸ்டார்ட்டருக்கு இடையில் நான்கு நாள் ஓய்வு வழக்கம். அப்படியானால் அடுத்து அவர் கிடைப்பது அக்டோபர் 5. சியாட்டில் மரினர்ஸுக்கு எதிரான டிவிஷன் சீரிஸ் அக்டோபர் 4-ல் தொடங்கியது. எனவே முதல் ஆட்டத்தில் அவர் இல்லை, இரண்டாவதில் வீசினார். மறுபடி நான்கு நாள் தள்ளி அக்டோபர் 10, ஐந்தாவது ஆட்டம்.

மரினர்ஸோ 2-ஆம் எண். ஐந்து முழு நாள் சும்மா இருந்தவர்கள். யாரை எந்த ஆட்டத்துக்கு என்று தாங்களே முடிவு செய்தார்கள். ஜார்ஜ் கிர்பி முதல் ஆட்டத்திலும் ஐந்தாவதிலும், லூயிஸ் காஸ்டியோ இரண்டாவதில், லோகன் கில்பர்ட் மூன்றாவதில்.

அந்த ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்கூபல் 6 இன்னிங்ஸில் (இரு அணியும் ஒருமுறை பேட் செய்தால் ஓர் இன்னிங்ஸ்; வழக்கமான ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்) 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார், அதில் ஏழு பேர் தொடர்ச்சியாக. கொடுத்தது ஒரே ரன். 99 பந்து வீசியதும் வெளியே எடுத்தார்கள். பிறகு ஆட்டம் 15 இன்னிங்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனது. மரினர்ஸ் காஸ்டியோவையும் கில்பர்ட்டையும் நடுவே இறக்கிச் சமாளித்தது. மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஹோர்ஹே போலான்கோ அடித்த சிங்கிளில் (முதல் பேஸ் வரை ஓடத் தகுந்த அடி) 3-2 என்று முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஸ்கூபலிடம் இரண்டு ஹோம் ரன் அடித்தவரும் அதே போலான்கோதான். வென்றே தீர வேண்டிய கடைசி ஆட்டங்களில் பிளேஆஃப் வரலாற்றிலேயே நீளமானது இது.

பேட்டர்கள் விஷயத்தில் புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. ஐந்து நாள் நிஜமான பந்தைச் சந்திக்காமல் இருந்தால் கண்ணும் கையும் சேர நேரமாகும். அணிகள் தங்களுக்குள்ளேயே பயிற்சி ஆட்டம் வைத்துக்கொள்கின்றன. ஆனால் சொந்த அணி பேட்டரின் விலாவை ஒட்டி எந்த பிட்சரும் முழு வேகத்தில் வீச மாட்டார்.

கே: நன்றாக வீசிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டரை நாலாவது ஐந்தாவது இன்னிங்ஸிலேயே எடுத்துவிடுகிறார்கள். பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

ப: எரிச்சல் நியாயம்தான். காரணமும் நியாயம்தான். ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்களின் அடி கூடும். பந்து எப்படித் திரும்புகிறது என்பது அதற்குள் பிடிபட்டிருக்கும். சீசனில் இதைப் பொறுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் நாளைக்கும் நாளன்றைக்கும் ஆட்டம் இருக்கிறது. புல்பென்னில் காத்திருக்கும் ரிலீவர்களை, அதாவது ஸ்டார்ட்டருக்குப் பிறகு வீச வருபவர்களை, கரைத்துவிட முடியாது. டிவிஷன் சீரிஸில் இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு ஒரு நாள், நான்காவதுக்குப் பிறகு ஒரு நாள் ஓய்வு. எனவே ரிலீவர்களைத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

இதன் உச்சம் 2024. டாட்ஜர்ஸ் பாட்ரேஸிடம் 1-2 என்று பின்தங்கி, நான்காவது ஆட்டத்துக்கு வீச உருப்படியான ஸ்டார்ட்டரே இல்லாமல் நின்றது. எட்டுப் பேரை ஒருவர் பின் ஒருவராக இறக்கி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 8-0 என்று வென்றது. ஐந்தாவதில் யோஷினோபு யமமோட்டோ ஐந்து இன்னிங்ஸ் வீசி 2-0. முதல் ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தவர் அதே ஆள். அந்த ஆண்டு கோப்பையும் டாட்ஜர்ஸுக்கே.

இதில் தவறு நேரும் இடமும் இருக்கிறது. ஒரே ரிலீவரை ஒரே தொடரில் மூன்று, நான்கு முறை இறக்கினால் எதிரணி பேட்டர்கள் அவரையும் படித்துவிடுவார்கள். ஸ்டார்ட்டரை மறைத்த அதே கணக்கு ரிலீவரைக் காட்டிக்கொடுக்கும்.

கே: இந்தச் சுற்று எப்போது, எதற்காக வந்தது?

ப: வேர்ல்டு சீரிஸ் 1903-ல் பிறந்தது. அப்போது பிளேஆஃப் என்று எதுவும் இல்லை. லீக்கில் முதலிடம் பிடித்தவர் நேரே இறுதிக்குப் போனார். 1969-ல் லீக்குகளை இரண்டிரண்டு டிவிஷனாகப் பிரித்து, நடுவே லீக் சாம்பியன்ஷிப் சீரிஸ் வைத்தார்கள். அதுவும் முதலில் ஐந்து ஆட்டம்தான், 1985-ல் ஏழானது.

டிவிஷன் சீரிஸ் என்ற பெயர் முதலில் வந்தது 1981-ல், அதுவும் விபத்தாக. வீரர்களின் வேலைநிறுத்தம் ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் வரை சீசனை இரண்டாக வெட்டியது. விட்ட இடத்தில் தொடராமல், வேலைநிறுத்தத்துக்கு முன் முதலிடத்தில் இருந்தவர் ஒரு பாதி சாம்பியன், பின்னால் நடந்ததில் வந்தவர் மறு பாதி சாம்பியன், இருவரும் ஐந்து ஆட்டம் ஆடட்டும் என்று முடிவு செய்தார்கள். விளைவு, சின்சினாட்டி ரெட்ஸ் முழு ஆண்டிலும் 66 வெற்றி 42 தோல்வி என்று பேஸ்பாலிலேயே சிறந்த கணக்கு வைத்திருந்தும் பிளேஆஃபுக்கு வரவில்லை. இரண்டு பாதியிலும் அது இரண்டாமிடம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் இதே கதி. தன் டிவிஷனில் மொத்தக் கணக்கில் முதலிடம், கையில் ஒன்றுமில்லை.

நிரந்தரமாக வந்ததற்குக் காரணம் வேறு. இரண்டு டிவிஷன் முறையில் இரண்டாமிடத்துக்கு மதிப்பே இல்லை. 1993-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 103 ஆட்டம் வென்றும் 104 வென்ற பிரேவ்ஸுக்குப் பின்னால் நின்று வீட்டிலேயே உட்கார்ந்தது. லீக்குக்கு மூன்று டிவிஷன், இரண்டாமிடத்தில் சிறந்த ஓர் அணிக்கு வைல்டு கார்டு, நான்கு அணிக்குள் டிவிஷன் சீரிஸ் என்ற ஏற்பாடு 1994-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 12-ல் மறுபடி வேலைநிறுத்தம். வேர்ல்டு சீரிஸே ரத்து. எனவே முதல் வெள்ளோட்டம் 1995-ல்.

அதில் யாங்கீஸிடம் முதல் இரண்டையும் இழந்த மரினர்ஸ் சியாட்டிலில் மூன்றையும் வென்றது. ஐந்தாவது ஆட்டத்தின் 11-ஆம் இன்னிங்ஸில் எட்கர் மார்டினெஸ் இடது பக்கம் அடித்த டபுளில் (இரண்டாவது பேஸ் வரை ஓடத் தகுந்த அடி) முதல் பேஸிலிருந்து கென் கிரிஃபி ஜூனியர் நிற்காமல் ஓடி வந்து சறுக்கியபோது 6-5. புதுச் சுற்று வேண்டுமா என்ற விவாதம் அன்றோடு அடங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

2012-ல் வைல்டு கார்டு இரண்டானது. இருவரும் ஒரே ஓர் ஆட்டம் ஆடி ஒருவர் உள்ளே வருவார். 2020-ல் பெருந்தொற்றால் 60 ஆட்ட சீசன், 16 அணி பிளேஆஃப், டிவிஷன் சீரிஸ் பொது மைதானங்களில், ஓய்வு நாளே இல்லாமல். 2022-லிருந்து இப்போதைய 12 அணி முறை.

கே: ஒரே டிவிஷன் அணிகள் இந்தச் சுற்றில் மோதலாமா?

ப: 2011 வரை கூடாது, வைல்டு கார்டு அணி தன் டிவிஷன் சாம்பியனோடு வருவதாக இருந்தால் எதிரியை மாற்றிவிடுவார்கள். 2012-ல் அந்தத் தடை நீங்கி, யாங்கீஸும் ஓரியோல்ஸும் மோதின. இதன் சிறந்த பலன் 2021: நேஷனல் லீக் மேற்கில் ஜயன்ட்ஸ் 107, டாட்ஜர்ஸ் 106. ஒரு வெற்றி குறைந்ததற்காக டாட்ஜர்ஸ் ஒற்றை ஆட்ட வைல்டு கார்டில் தலையைக் கொடுத்துத் தப்பி வந்து, ஐந்தாவது ஆட்டத்தில் 2-1 என்று ஜயன்ட்ஸை வீழ்த்தியது. 213 வெற்றிகளை வைத்திருந்த இரு அணிகள் இரண்டாம் சுற்றிலேயே மோதியது சரிதானா என்றால், சரியில்லை. ஆனால் அதைவிட நல்ல தொடர் சமீபத்தில் இல்லை.

கே: 162 ஆட்டத்துக்குப் பிறகும் இரண்டு அணி சமமாக இருந்தால் 163-ஆவது ஆட்டம் உண்டுதானே?

ப: இருந்தது, 2022-ல் எடுத்துவிட்டார்கள். கடைசியாக நடந்தது 2018. இப்போது முதலில் இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய கணக்கு. அதுவும் சமமானால் சொந்த டிவிஷன் அணிகளோடு ஆடிய கணக்கு. 2025-ல் டொரான்டோ புளூ ஜேஸும் யாங்கீஸும் 94-68. தங்களுக்குள் 8-5 என்று புளூ ஜேஸ் முன்னே இருந்ததால் 1-ஆம் எண் அவர்களுக்கு. அதே ஆண்டு ரெட்ஸும் நியூயார்க் மெட்ஸும் 83-79. தங்களுக்குள் 4-2 என்பதால் ரெட்ஸ் உள்ளே, மெட்ஸ் வெளியே. மே மாதத்தில் அலட்சியமாகத் தோற்ற ஆட்டம் செப்டம்பரில் வந்து கதவைத் தட்டும்.

கே: கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை இலவசமாக நிறுத்துவார்களே, பிளேஆஃபிலும் உண்டா? மழை வந்தால்?

ப: இலவச ஆள் சீசனில் மட்டும். அக்டோபரில் பழைய முறைதான். விடிய விடிய ஆடினாலும் ஆடுவார்கள். டிவிஷன் சீரிஸில் 18 இன்னிங்ஸ் வரை போன ஆட்டங்கள் உண்டு: 2005-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பிரேவ்ஸை 7-6, 2014-ல் ஜயன்ட்ஸ் வாஷிங்டன் நேஷனல்ஸை 2-1, 2022-ல் ஆஸ்ட்ரோஸ் மரினர்ஸை 1-0. கடைசியாகச் சொன்னதில் 17 இன்னிங்ஸ் வரை இருபக்கமும் ரன்னே இல்லை. ஜெரமி பேன்யா அடித்த ஹோம் ரன்தான் அன்றைய ஒரே ஓட்டம்.

மழை வந்தால் ஆட்டத்தைச் சுருக்க முடியாது. நின்ற இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டும். 2008 வேர்ல்டு சீரிஸின் ஐந்தாவது ஆட்டம் ஆறாம் இன்னிங்ஸில் மழையில் நின்று, இரண்டு நாள் கழித்துத் தொடர்ந்தது. அதற்குப் பிறகு இதை எழுத்துப்பூர்வமான விதியாகவே ஆக்கிவிட்டார்கள். அம்பயர்களும் நால்வருக்குப் பதில் அறுவர். கூடுதல் இருவர் இடது, வலது எல்லைக் கோட்டோரம். மேனேஜருக்கு ரீப்ளே முறையீடு சீசனில் ஒன்று, இங்கே இரண்டு.

கே: தொடரின் நடுவே வீரருக்குக் காயம் பட்டால் மாற்று ஆள் உண்டா?

ப: உண்டு, ஆனால் விலை அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் 26 பேர் பட்டியலைப் புதிதாகக் கொடுக்கலாம். சுற்றின் நடுவே காயத்துக்காக ஒருவரை நீக்கினால் அவர் அந்தச் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் ஆட முடியாது. டிவிஷன் சீரிஸில் நீக்கினால் லீக் சாம்பியன்ஷிப் போயிற்று. அணி முன்னேறினால் வேர்ல்டு சீரிஸில்தான் திரும்பலாம். அதனால்தான் நொண்டிக்கொண்டு நிற்கும் ஆளைப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு 25 பேரோடு ஒப்பேற்றுகிறார்கள்.

கே: வீரர்களுக்கு இந்த ஆட்டங்களுக்குத் தனிச் சம்பளமா?

ப: ஆண்டுச் சம்பளம் சீசனோடு முடிந்துவிடும். அக்டோபரில் கிடைப்பது டிக்கெட் வசூலில் பங்கு. டிவிஷன் சீரிஸின் முதல் மூன்று ஆட்ட வசூலில் 60 சதவீதம் வீரர்களின் பொது நிதிக்குப் போகும்; ஏழு ஆட்டத் தொடர்களில் முதல் நான்கு ஆட்ட வசூலில் அதே அளவு. ஏன் முதல் மூன்று? தொடர் முடிய குறைந்தபட்சம் மூன்று ஆட்டம் ஆகத்தான் வேண்டும். நான்காவது, ஐந்தாவது ஆட்ட வசூலிலும் பங்கு கொடுத்தால், தொடரை இழுக்க வீரர்களுக்கு ஆசை காட்டியதாகிவிடும். நிதியில் சாம்பியன் அணிக்கு 36, இறுதியில் தோற்றவருக்கு 24 சதவீதம். அணிக்குள் யாருக்கு முழுப் பங்கு, யாருக்கு அரைப் பங்கு என்பதை வீரர்களே வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள்.

கே: 2015-ல் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) திருப்பி எறிந்த பந்தில் ரன் வந்ததாமே? அது எப்படிச் செல்லும்?

ப: செல்லும். அக்டோபர் 14, டொரான்டோ, புளூ ஜேஸ் – டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஐந்தாவது ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், 2-2, மூன்றாவது பேஸில் ரேஞ்சர்ஸின் ரூக்னெட் ஓடோர். கேட்சர் ரஸ்ஸல் மார்ட்டின் பந்தைப் பிட்சருக்குத் திருப்பி எறிந்தார். அது பேட்டர் ஷின்-சூ சூவின் பேட்டில் பட்டு உருண்டது. ஓடோர் ஓடி வந்துவிட்டார். அம்பயர் முதலில் பந்து செத்தது என்றார். பிறகு ஆறு பேரும் கூடிப் பேசி ரன்னைக் கொடுத்தார்கள். விதி தெளிவு: பேட்டர் தன் கட்டத்துக்குள் நின்று, வேண்டுமென்றே தடுக்காதவரை பந்து உயிரோடுதான் இருக்கிறது. கேட்சர் சும்மா திருப்பி எறிகிறாரே என்ற சலுகையெல்லாம் கிடையாது.

மைதானத்தில் ரசிகர்கள் எறிந்த பாட்டில்களைப் பொறுக்கிய பிறகு, அதே இன்னிங்ஸின் மறுபாதியில் ரேஞ்சர்ஸ் வரிசையாக மூன்று பிழை செய்தது. புளூ ஜேஸின் ஹோசே பாட்டிஸ்டா மூன்று ரன் ஹோம் ரன் அடித்து பேட்டை வீசி எறிந்தார். 6-3. ஓடோரின் ஓட்டத்தை யாரும் பேசவில்லை. அந்தப் பேட்டைத்தான் இன்னும் பேசுகிறார்கள்.

கே: ஜப்பானிலும் இப்படித்தானா?

ப: ஜப்பானின் கிளைமாக்ஸ் சீரிஸ் 2007-ல் தொடங்கியது. லீக்குக்கு மூன்று அணி. இரண்டாம், மூன்றாம் இடத்தவர் மூன்று ஆட்டம் ஆடுவார்கள்; வென்றவர் முதலிடத்தவரோடு மோதுவார். அந்தத் தொடர் தொடங்கும்போதே முதலிடத்தவருக்கு ஒரு வெற்றி கணக்கில் ஏற்றப்பட்டிருக்கும், எல்லா ஆட்டமும் அவர் மைதானத்தில்தான். சீசன் முழுக்க உழைத்ததற்கு இது நேர்மையான கூலி என்பது எங்கள் எண்ணம். அப்படியும் 2024-ல் மூன்றாமிடத்து யோகோஹாமா பேஸ்டார்ஸ் எல்லோரையும் தாண்டி ஜப்பான் சீரிஸையே வென்றது.

கே: டிவிஷன் சீரிஸையும் ஏழு ஆட்டமாக்கினால் என்ன?

ப: நாள் வேண்டும். 2025-ல் வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம் நவம்பர் 1-ல் நடந்தது, அதுவும் கூரையுள்ள மைதானம் என்பதால் குளிர் தெரியவில்லை. இன்னும் இரண்டு ஆட்டமும் ஒரு பயண நாளும் சேர்த்தால் பனியில்தான் ஆட வேண்டும், அல்லது சீசனை 154 ஆட்டமாகக் குறைக்க வேண்டும். எட்டு ஆட்ட வசூலை விட்டுக்கொடுக்க எந்த உரிமையாளர் முன்வருவார்? இன்னொரு பக்கம், ஏழாக்கினால் 1, 2 எண் அணிகளுக்கு அந்த ஒன்றரைச் சதவீதம் கூடும். கூடவே நான்காவது ஸ்டார்ட்டருக்கும் வேலை வரும். எங்களுக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவது.